இடம், தூரம், அளவு, சாலை: ஆங்கிலத்தில் வழி கேட்கவும் சொல்லவும் பழகுவது எப்படி?

ஒரு முறை வாடகைக் கார் ஓட்டுநரிடம் நான் நிற்கும் இடத்தைத் தொலைபேசியில் சொன்னேன். "ஐ ஆம் இன் ஃப்ரன்ட் ஆஃப் த போஸ்ட் ஆஃபீஸ்." தபால் நிலையம் எனக்கு நேர் எதிரே, சாலையின் அந்தப் பக்கத்தில் இருந்தது. நான் தமிழில் நினைத்தது ‘தபால் நிலையத்துக்கு எதிரில் நிற்கிறேன்’ என்று. அவரோ தபால் நிலைய வாசலிலேயே வண்டியை நிறுத்திவிட்டு என்னைத் தேடிக்கொண்டிருந்தார். நடுவில் அகலமான சாலை, ஓயாத போக்குவரத்து. இருபது நிமிடம் போய்விட்டது. நான் சொல்லியிருக்க வேண்டிய சொல் ‘ஆப்போசிட்’.

அந்தச் சொல் எனக்குத் தெரியாமல் இல்லை. இரண்டையும் பட்டியலாக எழுதி மனப்பாடம் செய்தவன்தான். ஆனால் தமிழில் ஒரே சொல் போதும் என்று இருக்கும் இடத்தில் ஆங்கிலம் இரண்டாகவும் மூன்றாகவும் பிரிக்கும் என்பதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. இடம், தூரம், அளவு, சாலை பற்றிப் பேசும்போது நாம் தடுமாறுவதெல்லாம் பெரும்பாலும் இந்தப் பிரிவுகளில்தான். அதனால் இந்தக் கட்டுரையில் சொற்களை அகராதி வரிசையில் அடுக்கவில்லை. தமிழ்ச் சொல் ஒன்றை எடுத்துக்கொண்டு, அது ஆங்கிலத்தில் எங்கெங்கே பிரிகிறது என்று பார்க்கப் போகிறோம். ஒரு தாளும் பென்சிலும் பக்கத்தில் இருந்தால் நல்லது. சில இடங்களில் படம் போட்டுப் பார்த்தால்தான் மனத்தில் நிற்கும்.

படி 1: ‘இல்’ என்ற உருபை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்

நிறுத்தத்தில், சாலையில், நகரத்தில். தமிழில் மூன்றுக்கும் ஒரே ‘இல்’. ஆங்கிலத்தில் முதலாவது ‘அட் த பஸ் ஸ்டாப்’, இரண்டாவது ‘ஆன் த ரோட்’, மூன்றாவது ‘இன் த சிட்டி’.

தாளில் ஒரு புள்ளி வையுங்கள். ஒரு கோடு போடுங்கள். ஒரு வட்டம் வரையுங்கள். இடத்தைப் புள்ளியாக நினைத்தால் ‘அட்’. கோடாகவோ பரப்பாகவோ நினைத்தால் ‘ஆன்’. சுற்றிலும் எல்லை உள்ள வட்டமாக நினைத்தால் ‘இன்’. பேருந்து நிறுத்தம் வரைபடத்தில் ஒரு புள்ளி. சாலை ஒரு கோடு. நகரம் ஒரு வட்டம்.

முகவரி சொல்லும்போது இது பளிச்சென்று தெரியும். வீட்டு எண்ணோடு சொன்னால் புள்ளி: ‘ஷீ லிவ்ஸ் அட் ட்வெல்வ் பார்க் ரோட்’. எண் இல்லாமல் சாலைப் பெயரை மட்டும் சொன்னால் கோடு: ‘ஷீ லிவ்ஸ் ஆன் பார்க் ரோட்’. ஊரைச் சொன்னால் வட்டம்: ‘ஷீ லிவ்ஸ் இன் லண்டன்’. பிரிட்டனில் ‘இன் பார்க் ரோட்’ என்றும் சொல்வார்கள். அதுவும் சரிதான். புதிதாகப் பழகுபவர்கள் ‘ஆன்’ என்றே வைத்துக்கொள்ளுங்கள், எல்லா இடத்திலும் புரியும்.

ஒரே கட்டடத்துக்கே நினைப்பைப் பொறுத்துச் சொல் மாறும். ‘ஐ ஆம் அட் த ஸ்டேஷன்’ என்றால் நிலையம் என்ற இடத்தில் இருக்கிறேன், வாசலிலும் இருக்கலாம், நடைமேடையிலும் இருக்கலாம். ‘ஐ ஆம் இன் த ஸ்டேஷன்’ என்றால் கட்டடத்துக்கு உள்ளே. மழையில் உங்களைத் தேடி வருபவருக்கு இந்த வித்தியாசம் முக்கியம்.

‘கார்னர்’ என்ற சொல்லில் பலர் குழம்புவார்கள். தெருவின் கார்னர் என்றால் ‘அட் த கார்னர்’ அல்லது ‘ஆன் த கார்னர்’. அறையின் கார்னர் என்றால் ‘இன் த கார்னர்’. இதைப் புரிந்துகொள்ளத் தமிழே வழி வைத்திருக்கிறது. தெருவுக்கு நாம் ‘முனை’ என்கிறோம், அறைக்கு ‘மூலை’ என்கிறோம். முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் புள்ளி. மூலை சுவர்களுக்குள் அடங்கிய இடம். முனை என்று வாயில் வந்தால் ‘அட்’ அல்லது ‘ஆன்’, மூலை என்று வந்தால் ‘இன்’. ஆங்கிலம் உருபில் காட்டும் வித்தியாசத்தை நாம் பெயரிலேயே காட்டிவிடுகிறோம்.

வண்டிகளுக்குத் தனிக் கணக்கு. எழுந்து நின்று நடக்க முடிந்த வண்டி என்றால் ‘ஆன்’: ஆன் த பஸ், ஆன் த ட்ரெயின், ஆன் த ப்ளேன். குனிந்து ஏறி உட்கார வேண்டியது என்றால் ‘இன்’: இன் த கார், இன் அ டாக்ஸி. மேலே ஏறி உட்காரும் சைக்கிளுக்கும் குதிரைக்கும் ‘ஆன்’.

உருபே வேண்டாத சொற்களும் உண்டு. ‘கோ டு ஹோம்’ என்று சொல்லாதீர்கள், ‘கோ ஹோம்’ போதும். ஹியர், தேர் இரண்டுக்கும் இதே விதி. ‘ரீச்’ என்ற வினையிலும் பலர் ‘டு’ சேர்த்துவிடுகிறார்கள். ‘நிலையத்தை அடைந்தேன்’ என்பதில் ‘ஐ’ உருபு இருக்கிறது அல்லவா, அதுபோல ‘ஐ ரீச்ட் த ஸ்டேஷன்’ என்று நேராகச் சொல்ல வேண்டும். ‘வந்து சேர்ந்தேன்’ என்பதற்கு ‘அரைவ்’. அதற்கு ‘அரைவ்ட் அட் த ஸ்டேஷன்’, ‘அரைவ்ட் இன் லண்டன்’. புள்ளி, வட்டம் கணக்கு இங்கேயும் அப்படியே வேலை செய்கிறது.

படி 2: எதிரில், பக்கத்தில்

என்னைக் காக்க வைத்த ‘எதிரில்’ இது. ஒரு சாலையை வரையுங்கள். ஒரு பக்கத்தில் ஒரு கட்டடம். கட்டடத்துக்கும் சாலைக்கும் நடுவே, அதன் வாசலுக்கு முன்னால் ஒரு ஆளை நிறுத்துங்கள். அவர் ‘இன் ஃப்ரன்ட் ஆஃப் த பில்டிங்’. அவரைச் சாலையைத் தாண்டச் சொல்லி அந்தப் பக்கம் நிறுத்துங்கள். இப்போது அவர் ‘ஆப்போசிட் த பில்டிங்’. நடுவில் சாலையோ மேசையோ ஏதாவது இருந்து, இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றால் ‘ஆப்போசிட்’. அமெரிக்காவில் இதற்கு ‘அக்ராஸ் ஃப்ரம்’ என்பார்கள். தமிழிலும் ‘முன்னால்’, ‘எதிர்ப்புறம்’ என்று பிரித்துச் சொல்லலாம், ஆனால் பேச்சில் இரண்டுக்கும் ‘எதிரில்’ வந்துவிடுகிறது. ஆகவே ஆங்கிலத்தில் பேசும் முன் ஒரு கணம் உங்களையே கேளுங்கள்: நடுவில் சாலை இருக்கிறதா?

‘ஆப்போசிட்’டுக்குப் பின்னால் ‘டு’ போட வேண்டிய அவசியம் இல்லை. ‘ஆப்போசிட் த பேங்க்’ போதும்.

‘பக்கத்தில்’ என்பதும் இப்படித்தான். ‘நெக்ஸ்ட் டு’ என்றால் அடுத்த கட்டடமே, நடுவில் வேறொன்று கிடையாது. ‘நியர்’ என்றால் அருகில் எங்கோ, நான்கு கட்டடம் தள்ளியும் இருக்கலாம். ‘பேங்க்குக்குப் பக்கத்தில்’ என்பதை ‘நெக்ஸ்ட் டு த பேங்க்’ என்று சொல்லிவிட்டு, நீங்கள் நான்கு கட்டடம் தள்ளி இருந்தால் கேட்டவர் திரும்பிப் போய்விடுவார். சந்தேகமாக இருந்தால் ‘நியர்’ சொல்லிவிட்டு, இன்னொரு அடையாளமும் சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டுக்கு நடுவில் என்றால் ‘பிட்வீன்’, பின்னால் என்றால் ‘பிஹைண்ட்’, முனை திரும்பியவுடன் என்றால் ‘அரவுண்ட் த கார்னர்’. இவற்றில் சிக்கல் எதுவும் இல்லை.

படி 3: ‘இடம்’ எல்லாம் ‘ப்ளேஸ்’ கிடையாது

வண்டியில் இடம் இல்லை என்பதை ‘தேர் இஸ் நோ ப்ளேஸ்’ என்று சொல்பவர்களை நிறையக் கேட்டிருக்கிறேன். அங்கே வேண்டிய சொல் ‘ரூம்’. ‘தேர் இஸ் நோ ரூம் இன் த கார்.’ அறை என்ற பொருளில் வரும் அதே ரூம்தான், ஆனால் இங்கே அதற்கு ‘அ’வும் வராது, பன்மையும் வராது. ‘ஸ்பேஸ்’ என்றும் சொல்லலாம். உட்காரும் இடம் என்றால் ‘சீட்’. வண்டி நிறுத்தும் இடம் என்றால் ‘பார்க்கிங் ஸ்பேஸ்’. கட்டடம் எழும்பும் இடம் ‘சைட்’. கூட்டமோ விழாவோ நடக்கும் இடம் ‘வென்யூ’. ஊர், கடற்கரை, உணவகம் போலப் பெயர் சொல்லிப் போய் வரக்கூடியது என்றால்தான் ‘ப்ளேஸ்’.

சொந்த ஊரைக் கேட்கும் ‘நேட்டிவ் ப்ளேஸ்’ இந்திய ஆங்கிலத்தில் இயல்பாகப் புழங்குகிறது. மற்ற நாட்டவரிடம் பேசும்போது ‘வேர் ஆர் யூ ஃப்ரம்?’ என்று கேட்டால் உடனே புரிந்துகொள்வார்கள்.

ஊர் என்ற ஒரு சொல்லையும் அளவு பார்த்துப் பிரிக்க வேண்டும்: வில்லேஜ், டவுன், சிட்டி. நகரத்தின் நடுப்பகுதிக்கு பிரிட்டனில் ‘சிட்டி சென்டர்’, அமெரிக்காவில் ‘டவுன்டவுன்’. நகரத்தை ஒட்டிய குடியிருப்புப் பகுதி ‘சபர்ப்’. நாம் வாழும் அக்கம்பக்கம் ‘நெய்பர்ஹுட்’.

மாடி விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நின்று கவனியுங்கள். பிரிட்டனில் தரைத்தளம் ‘கிரவுண்ட் ஃப்ளோர்’, அதற்கு மேலே உள்ளது ‘ஃபர்ஸ்ட் ஃப்ளோர்’. அமெரிக்காவில் பெரும்பாலும் தரைத்தளமே ‘ஃபர்ஸ்ட் ஃப்ளோர்’. அமெரிக்கர் ஒருவர் ‘தேர்ட் ஃப்ளோர்’ என்றால் நம் கணக்கில் இரண்டாவது மாடி. நேர்முகத் தேர்வுக்கோ மருத்துவரைப் பார்க்கவோ அவசரமாகப் போகும்போது இது தெரிந்திருந்தால் படியேறும் நேரம் மிச்சம்.

படி 4: தூரம்

கேள்வி சுலபம்: ‘ஹவ் ஃபார் இஸ் இட்?’ நாம் தவறுவது பதிலில். ‘இட் இஸ் டூ கிலோமீட்டர்ஸ் ஃபார்’ என்று வாயில் வரும். எண் வந்துவிட்டால் ‘ஃபார்’ வரக்கூடாது, ‘அவே’ வர வேண்டும்: ‘இட்ஸ் டூ கிலோமீட்டர்ஸ் அவே’. எங்கிருந்து என்று சேர்க்க வேண்டுமானால் ‘டூ கிலோமீட்டர்ஸ் ஃப்ரம் ஹியர்’.

‘ஃபார்’ கேள்வியிலும் மறுப்பிலும் இயல்பாக உட்காரும். ‘இஸ் இட் ஃபார்?’, ‘நோ, இட்ஸ் நாட் ஃபார்.’ ஆம், தூரம்தான் என்று சொல்ல வேண்டுமானால் ஆங்கிலக்காரர்கள் பெரும்பாலும் ‘இட்ஸ் அ லாங் வே’ என்பார்கள். ‘இட்ஸ் ஃபார்’ என்றால் தப்பில்லை, ஆனால் காதுக்கு மொட்டையாக இருக்கும். ‘டூ ஃபார்’ என்றால் பொருளே மாறி ‘அளவுக்கு மீறிய தூரம், போக முடியாது’ என்றாகிவிடும். ரொம்பத் தூரம் என்று மட்டும் சொல்ல நினைத்தால் ‘அ வெரி லாங் வே’.

அப்புறம் நேரம். நாம் தூரத்தை நேரத்தால் சொல்வது போலவே அவர்களும் சொல்கிறார்கள், ‘பத்து நிமிட நடை’ என்று. இதற்கு இரண்டு வடிவம் உண்டு. ‘அ டென்-மினிட் வாக்’ என்பது ஒன்று. இதில் மினிட் ஒருமையிலேயே நிற்கும், ஏனென்றால் அது இங்கே பெயரடை. ‘டென் மினிட்ஸ் வாக்’ என்பது மற்றொன்று. இதில் பன்மை வரும், எழுதும்போது அதன் மேல் ஒரு உடைமைக் குறியும், அதாவது அபாஸ்ட்ரஃபியும், வரும். முதல் வடிவத்தையே பழகுங்கள். ‘அ டூ-அவர் ட்ரைவ்’, ‘அ ஃபைவ்-மினிட் பஸ் ரைட்’ என்று எல்லாவற்றுக்கும் அதே அச்சில் வார்த்துவிடலாம்.

‘ஹவ் லாங்’ என்று கேட்டால் நேரம். ‘ஹவ் லாங் டஸ் இட் டேக்?’ பதில் ‘இட் டேக்ஸ் ட்வென்டி மினிட்ஸ்’. ‘ஹவ் ஃபார்’ கேள்விக்கு நிமிடத்தில் பதில் சொன்னாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

நாம் ‘கூப்பிடு தூரம்’ என்கிறோம். ஆங்கிலத்தில் ‘விதின் ஷவுட்டிங் டிஸ்டன்ஸ்’ என்று ஏறக்குறைய அதே தொடர் இருக்கிறது. ‘கல்லெறி தூரம்’ என்பதற்கும் நேர்ச்சொல் உண்டு: ‘அ ஸ்டோன்ஸ் த்ரோ அவே’. குரலையும் கையையும் அளவுகோலாக வைத்த காலத்துப் பேச்சு இரண்டு மொழியிலும் மிச்சம் இருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். இந்த இரண்டையும் உரையாடலில் தயங்காமல் பயன்படுத்தலாம். வளைவு நெளிவில்லாத நேர்க்கோட்டுத் தூரத்துக்கு ‘ஆஸ் த க்ரோ ஃப்ளைஸ்’ என்பார்கள், காகம் பறக்கும் கணக்கு. வரைபடத்தில் 3 கிலோமீட்டர் என்று தெரிவது சாலையில் 5 ஆவது இதனால்தான்.

பின்னங்களில் ஒரு எச்சரிக்கை. அரை கிலோமீட்டர் என்றால் ‘ஹாஃப் அ கிலோமீட்டர்’, நடுவில் அந்த ‘அ’ விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றரை என்றால் ‘ஒன் அண்ட் அ ஹாஃப் கிலோமீட்டர்ஸ்’. ஒன்றைத் தாண்டிவிட்டால் பன்மைதான். 2.25 என்பதை ‘டூ பாயின்ட் ட்வென்டி ஃபைவ்’ என்று வாசிக்காமல் ‘டூ பாயின்ட் டூ ஃபைவ்’ என்று இலக்கம் இலக்கமாக வாசிக்க வேண்டும்.

படி 5: அளவுகள்

மெட்ரிக் அலகுகள் நமக்குப் பழக்கமானவை. பழைய அலகுகள்தான் சிரமம். ஆனால் அமெரிக்காவில் சாலைத் தூரம் மைலில்தான் சொல்லப்படுகிறது. பிரிட்டனிலும் சாலைப் பலகைகளில் மைலும் கஜமும்தான், அதாவது ‘யார்ட்’. அயர்லாந்து 2005 ஜனவரியில் வேக வரம்பைக் கிலோமீட்டருக்கு மாற்றிக்கொண்டது. ஆஸ்திரேலியா 1974-லேயே மாறிவிட்டது. ஆகவே எந்த நாட்டு ஆங்கிலம் என்பதைப் பார்த்துத்தான் எண்ணைப் புரிந்துகொள்ள வேண்டும்.

மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய எண்கள் கொஞ்சம்தான். ஒரு அங்குலம் 2.54 சென்டிமீட்டர். 12 அங்குலம் ஒரு அடி. 3 அடி ஒரு கஜம், மீட்டரைவிடக் கொஞ்சம் குறைவு. 1760 கஜம் ஒரு மைல், ஏறக்குறைய 1.6 கிலோமீட்டர். வண்டியில் போகும்போது மனக்கணக்குக்கு இது போதும்: 5 மைல் என்றால் 8 கிலோமீட்டர். வேகப் பலகையில் 50 என்று போட்டு அது மைல் கணக்காக இருந்தால், நமக்கு அது மணிக்கு 80 கிலோமீட்டர்.

அடியைக் குறிக்கும் ‘ஃபுட்’ என்ற சொல்லுக்குப் பன்மை ‘ஃபீட்’. ‘த வால் இஸ் சிக்ஸ் ஃபீட் ஹை’ என்போம். அதே சுவரை ‘அ சிக்ஸ்-ஃபுட் வால்’ என்று சொல்லும்போது ஒருமைக்குப் போய்விடும். டென்-மினிட் வாக்கில் பார்த்த அதே விதி. ஆள் உயரத்தில் மட்டும் பேச்சில் ‘ஃபைவ் ஃபுட் சிக்ஸ்’ என்று ஃபுட் நின்றுவிடும், அங்குலம் என்ற சொல்லே வராது.

அடுத்தது பெயரும் பெயரடையும். நாம் ‘பத்து மீட்டர் நீளம்’ என்று பெயரைப் போடுகிறோம். ஆங்கிலம் ‘டென் மீட்டர்ஸ் லாங்’ என்று பெயரடையைப் போடுகிறது. ‘டென் மீட்டர்ஸ் லெங்த்’ என்று சொன்னால் இடறும். நீளம் லெங்த், ஆனால் எண்ணுக்குப் பின்னால் லாங். அகலம் வித், எண்ணுக்குப் பின்னால் வைட். ஆழம் டெப்த், எண்ணுக்குப் பின்னால் டீப். உயரம் ‘ஹைட்’, எழுத்தைப் பார்த்து ‘ஹெய்ட்’ என்று சொல்லிவிடாதீர்கள். எண்ணுக்குப் பின்னால் இது இரண்டாகப் பிரியும்: மனிதர், மரம், கம்பம் என்று ஒல்லியாக நெடிது நிற்பவை ‘டால்’. மலை, சுவர், கூரை ‘ஹை’. கட்டடத்துக்கு இரண்டும் பொருந்தும், ‘டால்’ அதிகம்.

பத்துக்குப் பன்னிரண்டு அறை என்பதற்கு ‘டென் பை ட்வெல்வ்’. இதுவரை சரி. இப்போது கவனமாகப் பாருங்கள். ‘டென் ஸ்கொயர் ஃபீட்’ என்றால் பத்துச் சதுர அடி, ஒரு பெரிய மேசை அளவு. ‘டென் ஃபீட் ஸ்கொயர்’ என்றால் பக்கத்துக்குப் பத்து அடி உள்ள சதுரம், அதாவது நூறு சதுர அடி. சொற்கள் இடம் மாறினால் பரப்பு பத்து மடங்கு ஆகிவிடுகிறது! வாடகைக்கு அறை பார்க்கும்போதும் கம்பளம் வாங்கும்போதும் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

எண்ணோடு அலகையும் சேர்த்துச் சொல்லும் பழக்கம் வேண்டும். ‘இட்ஸ் அபவுட் ஃபைவ்’ என்று நிறுத்திவிட்டால் கேட்பவர் மைல் என்று நினைக்கலாம், கிலோமீட்டர் என்று நினைக்கலாம், நிமிடம் என்றும் நினைக்கலாம். 1999 செப்டம்பரில் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் செவ்வாயை நெருங்கியபோது தொலைந்துபோனது. ஒரு மென்பொருள் உந்துவிசையைப் பவுண்டுக் கணக்கில் கொடுத்தது, அதை வாங்கிய தரப்போ நியூட்டன் கணக்கு என்று எடுத்துக்கொண்டது. தேர்ந்த பொறியாளர்களுக்கே அலகில் இடறியிருக்கிறது என்றால், தொலைபேசியில் அவசரமாக வழி சொல்லும் நாம் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

ஏக்கர் என்பது ஒரு ஜோடி மாடுகள் ஒரு நாளில் உழக்கூடிய நிலம் என்ற கணக்கில் வந்தது. இன்றைய அளவில் 43,560 சதுர அடி. பெரியவர்கள் பேச்சில் இன்னும் வரும் ‘பர்லாங்’ உழவுச் சாலின் நீளம் என்ற பொருளில் பிறந்த சொல், 220 கஜம், மைலில் எட்டில் ஒரு பங்கு. இப்போது ஆங்கிலத்தில் குதிரைப் பந்தயத்தில்தான் அதை அதிகம் கேட்கலாம். வழி சொல்லும்போது பயன்படுத்தினால் யாருக்கும் புரியாது.

படி 6: சாலைச் சொற்கள்

ரோட், ஸ்ட்ரீட், லேன், அவென்யூ எல்லாம் தெருப் பெயரின் பகுதியாக வரும். அவற்றை மாற்றாமல் அப்படியே சொல்லிவிடுங்கள். பார்க் ரோடும் பார்க் ஸ்ட்ரீட்டும் ஒரே ஊரில் வேறு வேறு இடத்தில் இருக்கக்கூடும். ‘லேன்’ என்பதற்கு இரண்டு பொருள். குறுகிய தெருவும் லேன், அகலச் சாலையில் கோடு போட்டுப் பிரித்த ஒவ்வொரு தடமும் லேன். ‘ஸ்டே இன் த லெஃப்ட் லேன்’ என்று யாராவது சொன்னால் சந்துக்குள் வண்டியைத் திருப்பிவிட வேண்டாம், இடது தடத்திலேயே ஓட்டச் சொல்கிறார்.

பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் நடுவே சொற்கள் மாறும் இடத்தில் இரண்டை மட்டும் மிகக் கவனமாகப் படியுங்கள். முதலாவது ‘பேவ்மென்ட்’. பிரிட்டனில் அது நடைபாதை. அமெரிக்காவில் அது வண்டி ஓடும் சாலைப் பரப்பு. அங்கே நடைபாதை ‘சைட்வாக்’. ‘குழந்தைகள் பேவ்மென்ட்டிலேயே நிற்கட்டும்’ என்று சொன்னால் அமெரிக்கர் திடுக்கிட்டுப் போவார். இரண்டாவது ‘சப்வே’. பிரிட்டனில் சாலைக்கு அடியில் நடந்து போகும் சுரங்கப் பாதை. அமெரிக்காவில் சுரங்க ரயில். லண்டனில் அந்த ரயிலுக்கு ‘அண்டர்கிரவுண்ட்’ என்றோ ‘ட்யூப்’ என்றோ பெயர்.

மற்றவற்றில் ஆபத்து இல்லை, பழகினால் போதும். விரைவுச் சாலை பிரிட்டனில் மோட்டர்வே, அமெரிக்காவில் ஃப்ரீவே. மேம்பாலம் பிரிட்டனில் ஃப்ளைஓவர், அமெரிக்காவில் ஓவர்பாஸ். வழி விடு என்ற பலகையில் பிரிட்டனில் ‘கிவ் வே’ என்றும் அமெரிக்காவில் ‘யீல்ட்’ என்றும் இருக்கும். மாற்றுப்பாதை டைவர்ஷன் அல்லது டீடூர். முட்டுச் சந்து இரண்டு இடத்திலும் ‘டெட் எண்ட்’. சாலை கவைக் கம்பு போல இரண்டாகப் பிரியும் இடம் ‘ஃபோர்க்’. ‘ரூட்’ என்பதை அமெரிக்கர் பலர் ‘ரவுட்’ என்று உச்சரிப்பார்கள், அது வேறு சொல் என்று நினைத்துவிடாதீர்கள்.

அமெரிக்காவில் ‘த்ரீ பிளாக்ஸ்’ என்று வழி சொல்வார்கள். பிளாக் என்பது ஒரு குறுக்குத் தெருவிலிருந்து அடுத்த குறுக்குத் தெரு வரை. அதற்கு நிலையான நீளம் கிடையாது. மீட்டராக மாற்றப் பார்க்காமல் குறுக்குத் தெருக்களை எண்ணிக்கொண்டே நடங்கள். அங்கே இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலைகளின் எண்ணிலும் ஒரு குறிப்பு இருக்கிறது: முதன்மைச் சாலைகளில் ஒற்றை எண் என்றால் வடக்கு தெற்காக ஓடுவது, இரட்டை எண் என்றால் கிழக்கு மேற்காக ஓடுவது.

படி 7: வழி கேட்பதும் சொல்வதும்

கேட்கும்போது ‘எக்ஸ்க்யூஸ் மீ, ஹவ் டு ஐ கெட் டு த ஸ்டேஷன்?’ என்று கேளுங்கள். ‘வேர் இஸ் த ஸ்டேஷன்?’ என்றாலும் புரியும், ஆனால் அதற்குச் சிலர் கையை நீட்டிக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ‘ஹவ் டு ஐ கெட் டு’ என்று தொடங்கினால் பெரும்பாலும் வழியை விவரமாகச் சொல்வார்கள்.

பதில் இப்படி வரலாம்: "கோ ஸ்ட்ரெயிட் ஆன் ஃபார் அபவுட் டூ ஹண்ட்ரட் மீட்டர்ஸ். கோ பாஸ்ட் த ஸ்கூல், டேக் த செகண்ட் லெஃப்ட், அண்ட் இட்ஸ் ஆன் யுவர் ரைட், ஆப்போசிட் த லைப்ரரி."

இதை மெதுவாகப் பிரிப்போம். ‘கோ பாஸ்ட்’ என்றால் பள்ளியைத் தாண்டிப் போ. பள்ளிக்குப் போ என்பதற்கு ‘கோ டு’. ஒரு சின்ன உருபு காதில் விழாமல் போனால் பள்ளி வாசலிலேயே நின்றுவிடுவோம். ‘டேக் த செகண்ட் லெஃப்ட்’ என்றால் இரண்டு முறை இடப்பக்கம் திரும்பு என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. இடப்பக்கம் பிரியும் தெருக்களை மட்டும் எண்ணு, முதலாவதை விடு, இரண்டாவதில் திரும்பு. வலப்பக்கம் எத்தனை தெரு வந்தாலும் கணக்கில் சேராது. தாளில் ஒரு நேர்க்கோடு போட்டு, இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் இரண்டு கிளை வரைந்து விரலை ஓட்டிப் பாருங்கள். ‘ஆன் யுவர் ரைட்’ என்பது நீங்கள் திரும்பிய பிறகு உங்களுக்கு வலப்பக்கம், இப்போது நிற்கும் இடத்திலிருந்து இல்லை. கடைசியில் ‘ஆப்போசிட் த லைப்ரரி’. நூலகம் சாலையின் மறுபக்கம் என்பது இப்போது உங்களுக்கு உடனே தெரிந்திருக்கும்.

இடப்பக்கம் முழுவதுமாகத் திரும்பாமல் லேசாக ஒதுங்கிப் போவதற்கு ‘பேர் லெஃப்ட்’ அல்லது ‘கீப் லெஃப்ட்’. ரவுண்டபவுட்டில், அதாவது ரவுண்டானாவில், ‘டேக் த தேர்ட் எக்ஸிட்’ என்றால் நீங்கள் உள்ளே நுழைந்ததிலிருந்து எதிர்ப்படும் வெளிவழிகளை ஒன்று, இரண்டு என்று எண்ணி மூன்றாவதில் வெளியேறுங்கள். நுழைந்தவுடன் வரும் முதல் வழியையும் எண்ணிக்கையில் சேர்க்க வேண்டும்.

வழியைக் கேட்டு முடித்ததும் ‘தேங்க் யூ’ சொல்லி நகர்ந்துவிடாதீர்கள். கேட்டதை ஒரு முறை திருப்பிச் சொல்லுங்கள்: ‘ஸோ, பாஸ்ட் த ஸ்கூல், செகண்ட் லெஃப்ட், ஆன் த ரைட்?’ முழு வாக்கியம் வேண்டாம், இலக்கணம் பார்க்க வேண்டாம், கடைசியில் குரலை உயர்த்தினால் போதும். தப்பாகப் புரிந்திருந்தால் அவர் அங்கேயே திருத்திவிடுவார். ஒரு வரி புரியவில்லை என்றால் ‘சாரி, செகண்ட் லெஃப்ட் ஆர் செகண்ட் ரைட்?’ என்று அந்த இடத்தை மட்டும் கேளுங்கள். ‘ரிப்பீட் ப்ளீஸ்’ என்று மொத்தத்தையும் கேட்டால் அவர் முன்பைவிட வேகமாகச் சொல்லி முடித்துவிடக்கூடும்.

பழகுவதற்கு ஒரு பயிற்சி. நீங்கள் தினமும் நடக்கும் வழி ஒன்றை எடுத்துக்கொண்டு, வீட்டு வாசலிலிருந்து போய்ச் சேரும் இடம் வரை ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்லுங்கள். சொன்னதைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். மறுநாள் அதைக் கேட்டுக்கொண்டே, அதில் சொன்னபடி மட்டும் நடந்து பாருங்கள். எந்த முனையில் குழப்பம் வருகிறதோ அந்த வாக்கியத்தை மட்டும் மாற்றி மறுபடி பதிவு செய்யுங்கள்.